அப்பா அறுத்த வலை

முப்பத்திரண்டு வருடம் சேவியர் எழுதிய பில்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரின் பெயர்தான் இருக்கும்: மாலே. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பும் தோணிகளில் வெங்காய மூட்டை, காய்கறிக் கூடை, செங்கல் என்று எது ஏறினாலும் கணக்கு எழுதுவது அவர் வேலை. தோணிகள் போய்வந்தன. அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, 61 வயதில், மகள் பெனிட்டா வந்து, "அப்பா, மாலத்தீவு போயிட்டு வருவோமா?" என்று கேட்டபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"அங்க என்ன மக்கா இருக்கு? கடலும் மாசியும்தான். ரெண்டும் இங்கயே இருக்கே."

"திமிங்கலச் சுறா இருக்குப்பா. பக்கத்துல நீந்திப் பாக்கலாம்."

சேவியர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்த மீனைப் பற்றி அவர் வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பது பெனிட்டாவுக்குத் தெரியும். காரணமும் அரைகுறையாகத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

அப்போது சேவியருக்குப் பத்து வயது. மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அப்பாவிடம் ஒரு வள்ளமும், கடன் வாங்கிச் சேர்த்த பருவலையும் இருந்தன. பருவலை என்றால் பெரிய கண்ணி வைத்த வலை. இரவில் கடலில் மிதக்கவிட்டு, சுறா, திருக்கை போன்ற பெரிய மீன்களைப் பிடிப்பது. வள்ளம் பழசானால் ஒட்டுப்போட்டு ஓட்டலாம். நைலான் வலை போனால் அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் முதலே போன மாதிரி.

ஒரு நாள் விடியற்காலை அப்பா பாதி வலையோடு கரைக்கு வந்தார். கூடப் போன நாலு பேரும் மணலில் கால் வைத்ததுமே கதையைச் சொல்லிவிட்டார்கள். வள்ளத்தின் நீளத்துக்கு ஒரு புள்ளிச் சுறா இரவில் வந்து வலையில் சுற்றிக்கொண்டதாம். எப்படியாவது கரைக்கு இழுத்துவிட்டால் ஈரலில் எண்ணெய் எடுக்கலாம், வள்ளத்துக்குப் பூசுகிறவர்களிடம் விற்கலாம், வலை நஷ்டத்தில் கொஞ்சமாவது தேறும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பா காதில் வாங்கவில்லை. லாந்தரைப் பிடிக்கச் சொல்லி, கத்தியை எடுத்து, அந்த மீன் விடுபடுகிறவரைக்கும் வலையை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏன் அறுத்தீரு?" என்று அம்மா கேட்டார். ஊரே கேட்டது. அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "அது வலைக்கு வந்த மீன் இல்ல."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் குடும்பத்துக்குத் தெரிந்த கதை. கடன் கொடுத்த ஏலக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். அக்கா லூர்துமேரிக்கென்று எடுத்து வைத்திருந்த சங்கிலி அடகுக்குப் போனது. பேசி முடித்த சம்பந்தம் கலைந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, அதுவும் வேறு இடத்தில். அப்பா அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். சேவியரை மட்டும் கடலுக்குக் கூட்டிப் போகவேயில்லை. "நீ படி" என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

"மீனுக்கு இரக்கப்பட்டவரு, பெத்த பிள்ளைக்கு இரக்கப்படல" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சேவியர் எப்போதும் அம்மா பக்கம்தான். அப்பா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரிடம் இன்னொரு தடவை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வாசலுக்குப் போன சேவியர் ஒரு வாரம் கழித்து, "எத்தன நாளு லீவு போடப்போற?" என்று மகளிடம் கேட்டார். படகு என்றாலே வாந்தி எடுக்கும் அவர் மனைவி, "எனக்கும் சேத்து நீங்களே பாத்துட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துகொண்டார்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் இலவச விசா. அங்கிருந்து வேகப்படகில் தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கும் டிகுரா. மூன்று கிலோமீட்டர் நீளம், குறுக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மறு கரை வந்துவிடும் அளவுக்கு ஒடுங்கிய தீவு. ஊர் மக்கள் நடத்தும் விடுதிகள்தான் பெரும்பாலும். மதுவுக்கு அனுமதி இல்லை, ஊருக்குள் உடை விஷயத்திலும் கட்டுப்பாடு உண்டு. சேவியருக்கு அது பிடித்திருந்தது.

காலைப் பலகாரம் வந்ததும் அவருக்கு ஆச்சரியம். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து, ரொட்டியோடு வைத்தார்கள். பெயர் மாஸ் ஹுனி. "நம்ம மாசிச் சம்பலுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பிலா!" என்றார். மீனுக்கு அந்த ஊர் மொழியில் 'மாஸ்'. படகுக்கு 'தோணி'. முப்பத்திரண்டு வருடமாகப் பில்லில் எழுதிய சொல்லை அந்த ஊர்க்காரர் வாயில் கேட்டதும், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

ஸ்நார்க்கலிங் என்பது பெரிய வித்தை இல்லை. முதுகில் சிலிண்டர் வேண்டாம். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், காலில் ஃபின். குப்புற மிதந்தபடி குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு கீழே பார்க்க வேண்டியதுதான். ஆனால் சேவியருக்கு அந்தக் கண்ணாடியோடு ஒத்துப்போகவில்லை. பத்து வயதுக்குள் கடலில் தானாக நீச்சல் பழகியவர் அவர். மூக்கை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விடுவது அவருக்கு மூச்சாகவே தெரியவில்லை. குழாயைத் துப்பினார். மீசைக்கு அடியில் தண்ணீர் புகுந்தது. கரையோரத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க மகள் சொல்லிக்கொடுத்தாள். சின்ன வயதில் அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

முதல் நாள் படகு பவளத்திட்டின் வெளி விளிம்பை ஒட்டி நான்கு மணி நேரம் சுற்றியது. கூரை மேல் நின்ற இளைஞர்கள் இருவரும் தண்ணீரில் கறுப்பு நிழல் எதுவும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஆமை தெரிந்தது, டால்பின் கூட்டம் துள்ளியது. அந்த மீன் வரவில்லை. இந்தப் பகுதியில் வருடம் முழுக்க அவை வரும். ஆனாலும், இன்றைக்கு வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. "கடல்ல சொல்லிவச்சு எது வரும்?" என்றார் சேவியர். ஏமாற்றமா நிம்மதியா என்று பெனிட்டாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று இரவு அவள் செல்போனில் படித்ததை அப்பாவுக்குச் சொன்னாள். பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன்தான். உலகத்திலேயே பெரிய மீன். பல், கடி எதற்கும் பயப்பட வேண்டாம், வாயைத் திறந்துகொண்டு நீந்தி, சின்னஞ்சிறு மிதவை உயிர்களை வடிகட்டித் தின்பது. மாலத்தீவிலும் ஒரு காலத்தில் ஈரல் எண்ணெய்க்காக, தோணிக்குப் பூசுவதற்காக வேட்டையாடியிருக்கிறார்கள். 1995-ல் அதைத் தடை செய்தார்கள்.

"அங்கயும் தோணிக்குத்தானா?" என்றார் சேவியர்.

"நம்ம நாட்டுலயும் 2001-லேர்ந்து தடைப்பா. புலி மாதிரி, சட்டத்துல முதல் அட்டவணை. குஜராத் கடற்கரையில நூத்துக்கணக்குல பிடிச்சிட்டு இருந்தாங்களாம். அப்புறம் மொராரி பாபு அவங்ககிட்ட, 'அது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர்ற மகள் மாதிரி'ன்னு பேசியிருக்காரு. இப்ப வலையில சிக்குனா மீனவங்களே அறுத்து விட்டுடுறாங்க. அறுந்த வலைக்கு வனத்துறை பணம் தருது."

"என்ன சொன்ன?"

அவள் திரும்பச் சொன்னாள்.

"வலைய அறுத்தா... பணம் குடுக்காங்களா?"

"ஆமாப்பா."

சேவியர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்தார். வெகுநேரம் புரண்டுகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கூரை மேலிருந்து ஒரு குரல். படகு வேகம் குறைந்தது. "ஃபெஹுரிஹி!" என்றார் வழிகாட்டி. அவர்கள் மொழியில் திமிங்கலச் சுறாவுக்கு அதுதான் பெயர். குதிப்பதற்கு முன் விதிகளை இன்னொரு முறை சொன்னார்: தொடக் கூடாது. உடம்பிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். அதன் வழியை மறிக்கக் கூடாது. ஃபிளாஷ் போடக் கூடாது.

அதற்குள் வேறு நான்கு படகுகள் வந்துவிட்டன. தண்ணீரில் ஒரே கால்கள், நுரை, கூச்சல். ஒருவர் வாலை எட்டிப் பிடிக்கக் கையை நீட்ட, வழிகாட்டி விசிலடித்துக் கத்தினார். எல்லோரும் மீனைத் துரத்திக்கொண்டு முன்னால் போக, சேவியர் பின்தங்கினார். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. தலையைத் தூக்கி, கண்ணாடியைக் கழற்றி உதறி, மறுபடி மாட்டினார். "நீ போ, நான் இங்க இருக்கேன்" என்று மகளுக்குக் கையைக் காட்டினார். பெனிட்டா போகவில்லை.

அவர் மறுபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டபோது அந்த மீன் திரும்பிவிட்டிருந்தது. கூட்டம் பிடிக்காமலோ என்னவோ, பெரிதாய் ஒரு வளைவு எடுத்து, நிதானமாக அவர் பக்கமே வந்துகொண்டிருந்தது.

முதலில் வாய். பிறகு அகலமான தட்டைத் தலை. பிறகு வந்துகொண்டே இருந்தது, வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளுமாக, கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரிசையாக. இருபது அடி இருக்கும். வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு சின்ன மீன்கள். முதுகுத் துடுப்பின் நுனியில் ஒரு துண்டு இல்லை. படகின் புரொபெல்லர் வெட்டிய பழைய காயம். இத்தனை பெரிய உடம்புக்குச் சின்னஞ்சிறு கண். அந்தக் கண் சேவியரைக் கடந்து போனது. கடக்கும்போது லேசாக உருண்டு அவரைப் பார்த்தது. பயமும் இல்லை, கோபமும் இல்லை. வழியில் ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான் என்பது போல ஒரு பார்வை.

சேவியர் அசையவில்லை. குழாய்க்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வால் ஒரு முறை மெதுவாக அசைந்தது. நீலத்துக்குள் போய், கலங்கி, பிறகு இல்லை.

படகில் ஏறியதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெனிட்டா ஒன்றும் கேட்கவில்லை. தான் எடுத்த படத்தை வழிகாட்டியிடம் காட்டினாள். செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகள் ஒவ்வொரு மீனுக்கும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி என்றார் அவர். நட்சத்திரங்களின் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணக்கு முறையை வைத்தே இந்தப் புள்ளிகளையும் ஒப்பிடுகிறார்கள். படத்தை ஆய்வாளர்களுக்கு அனுப்பினால் முன்பே பார்த்த மீனா, புதியதா என்று சொல்லிவிடுவார்கள். இங்கே வருகிறவற்றில் பெரும்பாலானவை இன்னும் முழு வளர்ச்சி அடையாத ஆண் மீன்கள். அவற்றில் பலவற்றுக்கு உடம்பில் படகுக் காயம் உண்டு.

"அப்ப இதே சின்னப் பிள்ளையா?" என்றார் சேவியர், துண்டை எடுக்காமலே.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் போட்டார். லூர்துமேரிக்கு இப்போது எழுபது வயது.

"ஏல, மாசி வாங்கிட்டியா? நல்ல கட்டியாப் பாத்து வாங்கு."

"வாங்கிட்டேன்க்கா. அக்கா... அந்தப் புள்ளிச் சுறாவப் பாத்தேன்."

மறுபக்கம் சத்தமில்லை.

"என் பக்கத்துலயே வந்துச்சு. என்னப் பாத்துச்சு. அப்பாவும் லாந்தர் வெளிச்சத்துல அந்தக் கண்ணப் பாத்திருப்பாருன்னு தோணுச்சு."

"அதனால? அப்பா அறுத்தது சரிங்கியா இப்ப?" அக்காவின் குரலில் ஐம்பது வருடத்துச் சூடு இருந்தது.

"சரியா தப்பான்னு எனக்குத் தெரியலக்கா. நஷ்டம் ஒனக்குத்தான் ஆச்சு. நான் படிச்சேன், வேலைக்குப் போனேன். அத மறக்கல. ஆனா எங்கையில கத்தி இருந்திருந்தா நானும் அறுத்திருப்பேன். அத யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. வேற யார்ட்ட சொல்ல?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் டிவி சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ அணைத்தார்கள்.

"அந்தச் சங்கிலிய அம்மா திருப்பவே இல்ல. தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"ம்..." என்றார் அக்கா. "சரி, சொல்லு. எப்படித்தான் இருந்துச்சு அது?"