இந்தப் பிளக்இன்னை அடுத்து யார் பார்த்துக்கப் போறீங்க?

நம்ம இதழுக்குக் கவிதையோ கட்டுரையோ அனுப்பினவங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் ஆங்கில எழுத்தைத் தட்டத் தட்டத் தமிழ் வரும். ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் 'அம்மா'. இதைச் செய்வது நம் கல்லூரியில் படித்த ஒரு சீனியர் அண்ணா எழுதிய சின்ன வேர்ட்பிரஸ் பிளக்இன். போன வருஷம் தளத்தை அப்டேட் செய்த அன்று அது நின்றுபோனது. ஒரு ஜூனியர் தன் கவிதையை முழுக்க ஆங்கில எழுத்திலேயே அனுப்பிவிட்டாள். நாங்கள் மூணு பேர் உட்கார்ந்து அதைத் திரும்பத் தமிழில் அடித்தோம். ஒரு வரியில் அவள் எழுதியது 'மலை'யா, 'மழை'யா, 'மாலை'யா என்று கடைசி வரை புரியவில்லை. போன் போட்டுத்தான் கேட்டோம்.

எனக்கு அது வெறும் டெக்னிக்கல் பிரச்சினை இல்லை. நான் பைல் நாட்டுக்காரி. கொல்லிமலையில் இருக்கிற 14 நாடுகளில் ஒன்று. ஆறாம் வகுப்பிலேயே 70 கொண்டை ஊசி வளைவும் இறக்கி என்னைக் கீழே இங்கிலீஷ் மீடியம் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்ப் பாடத்தை மார்க்குக்காகப் படித்தேன். பேச வரும், படிக்க வரும், சொந்தமாக நாலு வரி எழுதத்தான் பயம். 'ந' எங்கே, 'ன' எங்கே, 'ண' எங்கே? தப்பாக எழுதிச் சிரிப்பார்களோ என்று எழுதாமலே இருந்தேன். முதல் வருஷம் இந்தப் பெட்டியில்தான் முதன்முதலாக ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதினேன். அது நின்றுபோனதும் சும்மா இருக்க முடியவில்லை.

பிளக்இன் பக்கத்தைத் திறந்தால் மேலேயே எச்சரிக்கை: வேர்ட்பிரஸ்ஸின் கடைசி மூன்று பெரிய பதிப்புகளில் இது சோதிக்கப்படவில்லை. கோடுக்குள் போனதும் காரணம் தெரிந்தது. ஜேகுவரியில் 'லைவ்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. 1.9 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். வேர்ட்பிரஸ் கூடவே 'மைக்ரேட்' என்ற துணை ஃபைலையும் சேர்த்து அனுப்பியதால் பழைய கோடு எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு அந்தத் துணையை நிறுத்தியது. அப்போதே நிறைய தளங்கள் உடைந்தன. நம் தளம் பழைய பதிப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்ததால் நமக்கு இவ்வளவு லேட்டாகத் தெரிந்தது. 'லைவ்' இருந்த இடத்தில் 'ஆன்' என்று மாற்றினேன். அரை நாள் வேலை.

ஆனால் நம் சர்வரில் மட்டும் மாற்றினால் போதுமா? பத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இது ஓடுவதாகப் பக்கத்தில் போட்டிருந்தது. யாரென்றே தெரியாத பத்துப் பேர்! அங்கேயும் யாராவது என்னை மாதிரி பயந்து பயந்து தமிழ் அடித்துக்கொண்டிருக்கலாம்.

அலும்னி வாட்ஸ்அப் குரூப்பில் விசாரித்து அண்ணாவைப் பிடித்தேன். "அத இன்னுமா யூஸ் பண்றீங்க?" என்று சிரித்தார். "எனக்கு இப்ப டைமே இல்லம்மா. நீயே எடுத்துக்க." அன்று ராத்திரியே தன் கணக்கில் போய்ப் பிளக்இன்னை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. எழுதினவர் பதிலே சொல்லவில்லை என்றால்? வேர்ட்பிரஸ்ஸில் அதற்கும் முறை இருக்கிறது. முதலில் அவரைத் தொடர்புகொள்ள முயற்சி பண்ணணும், பிழைகளைத் திருத்தின கோடு கையில் இருக்கணும், அப்புறம் பிளக்இன் குழுவிடம் கேட்கலாம். சிலர் தாங்களாகவே 'தத்தெடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு டேக் போட்டுவிட்டு விலகுவார்கள். எதுவும் நடக்கவில்லையா, ஜிபிஎல் உரிமம் இருப்பதால் வேறு பெயரில் தொடரலாம். பழைய ஆளின் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது.

யோசித்துப் பார்த்தால் வேர்ட்பிரஸ்ஸே இப்படி வந்ததுதான். மிஷெல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய 'பி2' என்ற மென்பொருள் கவனிப்பில்லாமல் நின்றிருந்தது. அதைப் பயன்படுத்திய மேட் முல்லன்வெக் 2003 ஜனவரியில் தன் வலைப்பதிவில், இதை எடுத்துத் தொடரலாமா என்று எழுதினார். மைக் லிட்டில் 'நானும் வர்றேன்' என்றார். அந்த வருஷம் மே 27 அன்று முதல் வேர்ட்பிரஸ் வந்தது. அப்போது மேட்டுக்கு வயது 19.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'டிஸ்பிளே விட்ஜெட்ஸ்' என்று சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த பிளக்இன், 2017-ல் எழுதினவர் கையிலிருந்து விலைக்கு வேறொருவரிடம் போனது. புது உரிமையாளர் அப்டேட்டோடு சேர்த்துத் திருட்டுக் கதவு வைக்கும் கோடையும் அனுப்பினார். வேர்ட்பிரஸ் அதைப் பட்டியலிலிருந்தே தூக்கவேண்டி வந்தது. அப்டேட் பட்டனை அழுத்துகிற யாரும் உரிமையாளர் மாறியதைப் பார்ப்பதில்லை. அதைப் படித்த பிறகுதான் அண்ணா எனக்குக் கொடுத்தது கோடு மட்டும் இல்லை, பத்துத் தளங்களின் சாவி என்று உறைத்தது.

அடுத்தது, இதை எப்படி வளர்ப்பது? முன்மாதிரி விக்கிப்பீடியாவில் கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜுனைத் என்பவர் 'நாராயம்' என்ற தட்டச்சு நீட்சியை எழுதினார். மலையாளத்தில் நாராயம் என்றால் எழுத்தாணி. பிறகு விக்கிமீடியாவின் மொழிக் குழு அந்த வேலையை 'ஜேகுவரி ஐஎம்இ' என்று தனி நூலகமாக எழுதியது. 2013-ல் நாராயத்தின் இடத்துக்கு அது வந்தது. அதில் ஒவ்வொரு மொழியின் விதிகளும் தனித்தனி ஃபைல். தமிழ்99 ஒரு ஃபைல், ஒலிபெயர்ப்பு ஒரு ஃபைல். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் எஞ்சினைப் பார்க்கலாம், தமிழ் தெரிந்தவர் விதியைப் பார்க்கலாம். நம் பிளக்இன்னில் இரண்டும் பின்னிப் பிணைந்து கிடந்தன. பிரித்து வைத்தேன்.

பிரித்ததும் 'ந' வந்து நின்றது. பழைய விதியில் 'என்' தட்டினால் எப்போதும் 'ன்', 'டபிள்யூ' தட்டினால்தான் 'ந்'. 'நான்' என்று எழுதவே ரெண்டு சாவி ஞாபகம் வைக்கணும். தமிழில் 'ன'வும் 'ண'வும் சொல்லுக்கு முதலில் வராது, 'த'வுக்கு முன்னால் வருவது 'ந்'. இந்த ரெண்டையும் விதியாக எழுதிவிட்டேன். இப்போது 'நான் வந்தேன்' என்று எழுத 'டபிள்யூ' வேண்டாம். 'செந்நிறம்' மாதிரிச் சொல்லுக்கு இன்னும் வேண்டும். பழகின கைகளுக்காகவும் அதை எடுக்கவில்லை. நாம் கண்ணால் பார்க்காதவர்களின் பழக்கத்தையும் மதிக்கணும் என்பது எந்த சிலபஸ்ஸிலும் இல்லாத பாடம்.

இதையெல்லாம் லீவில் ஊரில் உட்கார்ந்து செய்தேன். வீட்டுக்குள் சிக்னல் வராது. அப்லோட் பண்ண மேட்டுக்கு ஏறணும். ஆயா சாமை விதையைக் காயவைத்துக்கொண்டே, "என்னத்த கண்ணு அப்படித் தட்டற?" என்றாள். ஒருத்தர் செய்து விட்டுப்போனதை நான் பார்த்துக்கறேன், நான் ஏப்ரலில் போயிருவேன், அதற்கப்புறம் யாருன்னு தெரியல என்றேன்.

ஆயா சொன்னது: "வெதைய ஒரே வூட்ல வெக்கக் கூடாது கண்ணு. நாலு வூட்டுத் தொம்பைல இருந்தா, ஒரு வூட்ல பூச்சி அடிச்சாலும் இன்னொரு வூட்ல இருந்து வாங்கிக்கலாம்." ஊரெல்லாம் மரவள்ளிக்கு மாறின சமயத்தில் எங்கள் வீட்டுச் சாமை விதையும் தீர்ந்துபோய், பக்கத்து நாட்டில் ஒரு வீட்டிலிருந்துதான் திரும்ப வாங்கி வந்தாளாம். வாங்கினதுக்கு மேல் ஒரு படி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாளாம்.

என் திட்டம் பெரிசாக இருந்தது. மொபைல் ஆப், சொல் பரிந்துரை என்று என்னென்னமோ எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு மூணே மூணு வைத்தேன். ஒன்று, கோடு கிட்ஹப்பில் எல்லாரும் எடுக்கிற மாதிரி இருக்கணும். ரெண்டு, எந்த வரி எதற்கு என்று தமிழில் குறிப்பு. மூணு, அப்டேட் அனுப்பும் அனுமதி எப்போதும் ரெண்டு பேரிடமாவது இருக்கணும். அதிலும் கூட வேலை செய்து பார்த்த ஆளிடம்தான்.

முதல் ரெண்டும் முடிந்தது. மூணாவதுக்குத்தான் இந்தக் கட்டுரை. ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம் படிக்கிறவங்க யாராவது வாங்க. எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்ல. ஜாவாஸ்கிரிப்ட் தெரியலன்னா நான் சொல்லித்தர்றேன். தமிழ் சரியா எழுத வராதுன்னா இன்னும் நல்லது, எங்க தடுக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஏப்ரல் வரைக்கும் தினமும் சாயங்காலம் இதழ் ரூம்ல இருப்பேன். 'ண' பிரச்சினை இன்னும் பாக்கி இருக்கு.