சுவரில் நடந்தவர்கள்

விளக்கொளியால் சுவரில் படம் காட்டும் கருவியின் வரலாற்றில் முதலில் ஆடியது ஓர் எலும்புக்கூடு. 1659-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தம் ஏட்டில் சில சிறு ஓவியங்களை வரைந்து வைத்தார். அவற்றில் ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறது. விளக்கும் குவிவில்லைகளும் கொண்டு திரையில் காட்டுவதற்கான படங்கள் அவை. சனிக்கோளைச் சூழ்ந்திருப்பது ஒரு வளையம் என்று நூல் எழுதி விளக்கிய அதே மனிதர், அந்த நூல் வெளியான ஆண்டிலேயே செய்த வேலை இது. பிற்பாடு இந்த விளையாட்டு அவருக்கே கூச்சம் தந்தது. 1662-ல் பாரிஸ் அரசவையில் காட்டவென்று தந்தை அத்தகைய விளக்கு ஒன்றைக் கேட்டபோது மறுக்க முடியவில்லை. ஆனால் பாரிஸிலிருந்த தம்பிக்கு, அது வேலை செய்யாதபடி வில்லை ஒன்றைக் கழற்றிவிடுமாறு எழுதினார். குடும்பத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம்.

அந்தக் கூச்சத்தை எங்களால் புரிந்துகொள்ள முடிந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூஜெர்சியில் எங்கள் வீட்டின் முகப்பில் எலும்புக்கூடுகளை ஆடவிடலாமா என்ற கேள்வி எங்கள் முன்னும் நின்றது. காரணம்தான் வேறு. அந்த ஜூலையில் கும்பகோணத்தில் அப்பா காலமாகியிருந்தார். எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். இருவரும் அழைத்தது அப்பா என்றே. காரியங்கள் முடிந்து செப்டம்பரில் அம்மாவை எங்களோடு அழைத்து வந்திருந்தோம். துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. அந்த ஆண்டின் தீபாவளியோ, ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-இலேயே வந்து விழுந்தது. போதாக்குறைக்கு அன்று அமாவாசை. முன்னோருக்குச் சோறு வைக்கும் நாளும், அயர்லாந்துக்காரர்கள் கப்பலேறும்போது கூடவே கொண்டுவந்த இறந்தவர்களின் இரவும், நாங்கள் கொண்டாடக்கூடாத தீபாவளியும் ஒரே தேதியில் வரிசை கட்டி நின்றன.

பிள்ளைகளுக்கோ முந்தைய ஆண்டே வாக்குக் கொடுத்திருந்தோம். புரொஜெக்டர் ஜனவரியிலேயே வாங்கியாகிவிட்டது. தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டோம். "பண்டிகைதானே கூடாது? இது புள்ளைங்க வெளையாட்டு. செய்யட்டும்" என்றார். அவர் அதை அவ்வளவு எளிதாகச் சொன்னதே எங்களுக்கு நெருடலாக இருந்தது.

*

வீட்டின்மேல் படம் காட்டுவது திரையரங்கில் காட்டுவதைப் போன்றதன்று. திரை நாம் விரும்பியபடி இருக்கும். வீடு இருக்கிறபடிதான் இருக்கும். எங்கள் வீடு வெளிர்நிற வினைல் பலகை வேய்ந்த இரண்டடுக்கு. கீழே கார்க்கொட்டகையின் வெள்ளைக் கதவு, மேலே இரண்டு ஜன்னல்கள். எங்கள் புரொஜெக்டர் ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் ஒரு மீட்டர் அகலத்துக்குப் படம் தரும். முற்றத்துப் புல்வெளியின் விளிம்பில், பத்தரை மீட்டர் தொலைவில் வைத்தால் ஏழு மீட்டர் அகலம் கிடைக்கும்; இரண்டு ஜன்னல்களும் கதவின் பெரும்பகுதியும் அதற்குள் வந்துவிடும். இன்னும் பின்னே போனால் நடைபாதை. மிட்டாய் வாங்க வரும் குழந்தைகளின் நிழல்களே படத்தை விழுங்கிவிடும்.

தொலைவு கூடக்கூட ஒளி மெலியும். 3,500 லூமென் ஒளியை முப்பது சதுர மீட்டரில் பரப்பினால், சுவருக்குக் கிடைப்பது நூறு லக்ஸுக்குச் சற்று மேல். தெருவிளக்கை வெல்ல அது போதும். அந்தி வானத்தை வெல்லப் போதாது. 2007 முதல் அமெரிக்காவில் கோடைக்கால நேரத்தை நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டித்துவிட்டார்கள். அதனால் எங்கள் ஊரில் அன்று சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்று முன்பு. தவழ்வதை அண்மையில் விட்டுவிட்ட சின்னஞ்சிறு ஆவிகளும் தேவதைகளும் ஐந்து மணிக்கே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு எங்கள் சுவர் வெறும் சுவர்தான். ஆறரைக்கு மேல் வருகிறவர்களுக்கே காட்சி.

ஜன்னல் கண்ணாடி இன்னொரு சங்கடம். அது ஒளியைத் தாங்கிப் பிடிக்காது. படம் அறைக்குள் போய்விடும். ஒன்று, உட்புறம் வெள்ளைத் துணி கட்டவேண்டும். இல்லையென்றால் படத்தில் அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிட வேண்டும். வலப்பக்க ஜன்னலில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். இடப்பக்க அறை அம்மாவுடையது. அவர் கண்ணில் ஒளி படக்கூடாது என்று அதை முழுக்கக் கறுப்பாக்கத் தீர்மானித்தோம். ஒருவர் மடிக்கணினியில் கோடிழுக்க, மற்றவர் சுவரடியில் நின்று "இன்னும் இடப்பக்கம், போதும், போதும்" என்று கூவ, மூன்று மாலைகளில் ஜன்னல்கள், கதவு, கூரை விளிம்பு எல்லாவற்றின் எல்லைகளையும் வரைந்து முடித்தோம். கருவி ஒரு விரல் அசைந்தால் வீடே நகர்ந்துவிடும். ஆகவே அதை ஒரு பலகையில் திருகி, பலகைக்குச் செங்கல் பாரம் வைத்து, கால்கள் நின்ற இடங்களைப் பெயின்ட்டால் குறித்தோம். அந்த அக்டோபரில் நியூஜெர்சியில் மழையே இல்லை எனலாம். ஊரெல்லாம் வறட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் அதைக் குறித்து வாய் திறக்கவில்லை.

கறுப்பைக் கையாளும் இந்த வித்தை புதிதன்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய பாரிஸில், ராபர்ட்சன் என்ற பெயரில் புகழ்பெற்ற எத்தியேன்-காஸ்பார் ரோபேர், 1799 முதல் கைவிடப்பட்ட ஒரு மடத்தில் ஆவிக்காட்சிகள் நடத்தினார். கண்ணாடித் துண்டில் உருவத்தை மட்டும் வரைந்து, சுற்றியுள்ள இடம் முழுவதையும் ஒளி புகாதபடி கறுப்பு பூசினார். சட்டமில்லாத உருவம் இருளில் மிதந்தது. விளக்கைச் சக்கரத்தில் ஏற்றித் திரைக்குப் பின்னால் உருட்ட, ஆவி வளர்ந்து பார்வையாளர்மேல் பாய்ந்தது. எங்கள் மகள் காகிதத்தில் வெட்டிக் கறுப்புத் துணியின்மேல் ஆட்டிப் படமெடுத்த எலும்புக்கூடுகளும் அதே விதிப்படிதான் சட்டமின்றிச் சுவரில் நடந்தன. தோல்பாவைக் கூத்தைத் தன் ஊரில் பார்த்திருந்த அம்மா, கைகால் மூட்டுகளை எங்கே தைத்தால் நன்றாக ஆடும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார்.

*

இதுவரை எல்லாம் வேலை. வலப்பக்க ஜன்னலில் என்ன காட்டுவது என்ற பேச்சு எழுந்தபோதுதான் மகன் கேட்டான்: "தாத்தாவைக் காட்டலாமா?"

முந்தைய ஆண்டு எடுத்த காணொளி ஒன்று எங்களிடம் இருந்தது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, கேமராவைப் பார்த்துக் கையசைப்பார். பின்னணியை நீக்கிவிட்டால் ஜன்னலில் அவர் வந்து நின்று தெருவைப் பார்த்துக் கையசைப்பது போலவே இருக்கும். பயமுறுத்த வேண்டாம், சும்மா நிற்கட்டும் என்றான். இறந்தவர்களின் நாள் என்றால் நமக்கு இறந்தவரைத்தானே காட்டவேண்டும் என்பது அவன் நியாயம். அதில் எங்களால் குற்றம் காண முடியவில்லை. உண்மையில் எங்கள் இருவருக்கும் அந்த ஆசை உள்ளே எழுந்துவிட்டிருந்தது. செய்வது எளிது, அரை மணி நேர வேலை.

ஒளிவிளக்கின் வரலாற்றில் இந்த ஆசைக்கு நீண்ட கதை உண்டு. லைப்சிக் நகரில் காப்பிக்கடை நடத்திய யோஹான் கியோர்க் ஷ்ரோப்ஃபர், புகையின்மேல் உருவங்களை வீழ்த்தி, இறந்தவர்களை அழைத்துத் தருவதாகச் சொன்னார். 1774-ல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். ராபர்ட்சனின் திரையில் மாராவும் ரோபெஸ்பியரும் எழுந்தார்கள். பார்க்க வந்தவர்களில் புரட்சியில் உறவைப் பறிகொடுக்காதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ராபர்ட்சன் தம்மை மந்திரவாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை; இது ஒளியியல் என்றே அறிவித்தார். ஆயினும் ஒரு கருவி இறந்தவரின் உருவத்தைத் தரமுடியும் என்று தெரிந்தபின், அதனிடம் கையேந்தாமல் இருப்பது எளிதன்று.

அம்மா அப்போது கூடத்தில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபமில்லாமல் பேரனிடம் சொன்னார்: "அவருக்குப் போற வழி ஒண்ணு இருக்குப்பா. வெளிச்சம் போட்டு மறிக்காதே."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. வலப்பக்க ஜன்னலுக்கு மகள் ஒரு பூனையைச் செய்தாள்.

*

அன்று நண்பகலில் அம்மா சோற்றில் எள் கலந்து கொல்லைப்புறத்தில் வைத்தார். அமெரிக்கக் காகங்களுக்கு அமாவாசை தெரியாது. நெடுநேரம் கழித்து ஒன்று வந்தது. மாலையில் வழக்கம்போல் விளக்கேற்றிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நிலவில்லாத இரவு, அக்டோபருக்குப் பொருந்தாத வெம்மை. தெருவில் கூட்டம் அதிகம். ஆறரைக்கு எலும்புக்கூடுகள் கார்க்கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதுபோல் வந்து, சுவரேறி, கூரை விளிம்பில் தொங்கின. பூனை ஜன்னலில் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. புரொஜெக்டரால் கறுப்பை வீசமுடியாது. ஒளியைத் தடுக்க மட்டுமே முடியும், அதையும் முழுதாகத் தடுக்காது. கறுப்பு என்று நாம் அனுப்புவது மெல்லிய சாம்பல் நிறமாகவே போய்ச் சேரும். அம்மா கூட்டத்தின் ஆரவாரம் கேட்டு, அறைவிளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலருகே நின்று பார்த்திருக்கிறார். அந்தச் சாம்பல் ஒளி அவர்மேல் விழுந்தது. வெளிர்நிறச் சேலை, நரைத்த தலை, அசையாத நிற்பு. எலும்புக்கூடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த ஜன்னலைச் சுட்டிக்காட்டத் தொடங்கினார்கள். கடற்கொள்ளையன் வேடமிட்ட ஒரு சிறுவன் எங்களிடம் வந்து, எல்லாவற்றிலும் அதுதான் மிக நன்றாக இருக்கிறது, அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான். அப்போது அம்மா தலையைச் சற்றே சாய்த்தார். பின்வரிசையில் ஒரு பெண் அலறினாள்.

இரவு இதைச் சொன்னபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னையும் சேத்துட்டீங்களா?" என்றார். பிறகு, "அவர் இருந்தா இதைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிட்டிருப்பார்" என்றார். அப்பாவைப் பற்றி அவர் அழாமல் பேசியதை நாங்கள் ஜூலைக்குப் பிறகு அன்றுதான் கேட்டோம். எந்த ஜன்னலிலும் நிறுத்தாமலே அப்பா அந்தக் கூடத்தில் வெகுநேரம் இருந்தார்.

2025-ல் அம்மா கும்பகோணத்துக்குத் திரும்பியிருந்தார். முதல் திவசம் முடிந்துவிட்டது. தீபாவளியும் அக்டோபர் 20-இலேயே வந்துபோயிற்று. ஹாலோவீனுக்கு, பெயின்ட் குறிகளின்மேல் பலகையை வைத்துப் பழைய கோப்பைத் திறந்தோம். இடப்பக்க ஜன்னல் இன்னும் கறுப்பாகவே இருந்தது. அந்த அறையில் இப்போது யாரும் இல்லை, அங்கேயும் ஏதாவது காட்டலாமே என்றோம். அதை எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி அளக்கவேண்டியிருக்கும் என்றான் மகன். அப்படியொன்றும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டோம்.