ஆடிட் என்றால் கேட்பது!

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் மாணவர்கள் செய்யும் முதல் வேலை, தலையணை அளவுக்கு ஒரு புத்தகம் வாங்குவது. இரண்டாவது வேலை, 'ஏ'யில் தொடங்கி மனப்பாடம் செய்வது. 'சி' வருவதற்குள் 'ஏ' மறந்துவிடும். தமிழ் வழியில் படித்து பி.காம் சேர்ந்தவர்கள் பலர், "நமக்கு இங்கிலீஷ் வராது" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், தப்பு அவர்களுடையது அல்ல, படித்த முறையுடையது.

ஒன்றோடொன்று தொடர்பில்லாதவற்றை மனப்பாடம் செய்தால் எவ்வளவு வேகமாக மறக்கும் என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். அப்படியானால் தொடர்பை எப்படி உண்டாக்குவது? வேர்ச்சொல் ஒரு வழி. 1949-ல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் விற்பதற்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாதி வேர்கள் ஏற்கெனவே அவர்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன!

ஆடிட்: லத்தீனில் 'கேட்பது'. அந்தக் காலத்தில் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லி, கேட்டுத்தான் சரிபார்த்தார்கள். ஆடியன்ஸ், ஆடிட்டோரியம், இனாடிபிள் (காதில் விழாத) எல்லாம் இதன் சொந்தங்கள்.

கிரெடிட்: வேர் 'நம்புவது'. எதையும் நம்பிவிடுபவர் கிரெடுலஸ், நம்ப மறுப்பவர் இன்கிரெடுலஸ்.

அசெட்: 'போதுமானது' என்ற பொருளிலிருந்து வந்தது, அதாவது, கடனை அடைக்கப் போதுமானது. எவ்வளவு கிடைத்தாலும் போதாத ஆசை, இன்சேஷியபிள்.

ஆனால் வேரை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 'இன்' என்றால் 'இல்லை' என்று எண்ணி, டேங்கர் லாரியில் எழுதியிருக்கும் 'இன்ஃபிளேமபிள்' என்பதை 'தீப்பிடிக்காது' என்று படித்தால் என்ன ஆகும்?

அதனால் சொல்லை வாக்கியத்தோடு படிக்க வேண்டும். ஜிஆர்இ தேர்விலேயே 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குப் பொருந்தும் சொல்லைத்தான் கேட்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. தினமும் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஐந்து சொற்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம். மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று மூன்று முறை திருப்பிப் பார்க்க வேண்டும். இன்டர்வியூவில் பட்டியலை யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. தேவைப்படும் நேரத்தில் சரியான ஒரு சொல் வாயில் வந்தால் போதும்.