பாவுக்கு ஒரு ஆள் குறையுது

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆறு மாசம் ஆணி புடுங்க கம்பெனியில என்னை இங்கிலாந்து அனுப்பினாங்க. ஊர் பேர் நட்ஸ்ஃபோர்ட். மான்செஸ்டருக்குத் தெற்கே, செஷயர் பக்கம். சின்ன ஊர்தான். நம்ம காஞ்சிபுரத்துல ஒரு மூலையில வெச்சிடலாம்.

சனிக்கிழமைன்னா தூங்கறதுக்குத்தான்னு இருந்தவனை, பக்கத்து சீட் வெள்ளைக்காரர் டாட்டன் பார்க்குக்கு இழுத்துட்டுப் போனார். மான் மேயற பெரிய பூங்கா. காலை 9 மணிக்கு அங்க பார்க்ரன். 5 கி.மீ. ஓடணும், முடியாதவங்க நடக்கலாம். காசு கிடையாது. 2004ல லண்டன்ல புஷி பார்க்குல 13 பேர் ஓடி ஆரம்பிச்சது, இப்ப பல நாடுகள்ல நடக்குது. எனக்கு ஓட்டத்தை விட வேற ஒண்ணுதான் ஆச்சரியம். நேரம் குறிக்கிறது, திருப்பத்துல நின்னு வழி காட்டறது எல்லாமே ஊர்க்காரங்க. சம்பளம் இல்ல. முறை வெச்சு வர்றாங்க.

அப்புறம் மே மாசம் அவங்க ஊர்த் திருவிழா, ராயல் மே டே. அன்னிக்குத் தெருவுல வண்ண மணலால பூவும் வளையமுமா போட்டு வைக்கிறாங்க. அட, நம்ம கோலம்! அந்தக் காலத்துல கனூட்னு ஒரு ராஜா ஆத்தைக் கடந்து வந்து செருப்புல இருந்த மணலை உதறினாராம், அந்தப் பக்கம் போன கல்யாண கோஷ்டியை வாழ்த்தினாராம். அதுலேர்ந்து வந்த வழக்கம்னு கதை சொல்றாங்க. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "புள்ளி வெக்கத் தெரியல போல"ன்னு பதில் வந்தது :)

ஊருக்குத் திரும்பி வந்ததும் பாக்கறவங்ககிட்டல்லாம் புலம்ப ஆரம்பிச்சேன். அங்கல்லாம் ஊரே கூடி வெளிய வர்றாங்க, நம்ம ஊர்ல என்ன இருக்கு, ஆளாளுக்கு மொபைலைப் பாத்துட்டு உள்ள உக்காந்திருக்கோம்னு. மாமா வீட்டுலயும் இதே பாட்டைப் பாடினேன். மாமா பொறுமையா கேட்டுட்டு, "ஏன்டா, பாவு போடறதை மறந்துட்டியா?"ன்னார். சுருக்குன்னுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். என் ஊர் தாமல். காஞ்சிபுரத்துலேர்ந்து வேலூர் போற வழியில, பெங்களூர் ஹைவே ஓரம். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இருக்கு, பெரிய ஏரி இருக்கு. ஏரி வத்தினா எங்களுக்கு கிரிக்கெட் கிரவுண்டு, ரொம்பினா கரையில நடை. ஆனா முழுப்பரீட்சை லீவு விட்டா நான் பிள்ளையார்பாளையத்துல மாமா வீட்டுலதான் கிடப்பேன். காஞ்சிபுரத்துல நெசவாளிங்க நிறைஞ்ச பகுதி. மாமா பட்டு நெசவு.

தறியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: சேலையில நீளவாக்குல போற இழைதான் பாவு. குறுக்கால போறது ஊடை. ஒரு பாவுல மூணு சேலை வரைக்கும் நெய்வாங்க. நீளம் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. ஆயிரக்கணக்கான இழைங்க. இதை எந்த வீட்டுக்குள்ள விரிக்க முடியும்? அதனால விடியறதுக்கு முன்னாடி தெருவுல நீட்டிக் கட்டுவாங்க. கஞ்சி போட்டு, நீவி, அறுந்த இழையைத் தேடி முடிச்சு போட்டு, இளவெயில்ல காய வெச்சு, வெயில் ஏறறதுக்குள்ள சுத்தி எடுத்துடணும்.

இதை ஒரு வீட்டு ஆளுங்களால செய்யவே முடியாது. எதிர் வீடு, பக்கத்து வீடுன்னு பத்துப் பதினைஞ்சு பேர் வரணும். இன்னிக்கு உங்க பாவுக்கு நான் வந்தேன்னா, நாளைக்கு என் பாவுக்கு நீங்க. முந்தின நாள் சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டவங்க கூட எதிரெதிரே நின்னு பாவைப் பிடிப்பாங்க. பிடிச்சுத்தான் ஆகணும், வேற வழி கிடையாது. எங்களை மாதிரி பொடிசுங்களுக்கு குச்சி எடுத்துக் குடுக்கற வேலை. முடிஞ்சதும் எல்லாருக்கும் டீ.

இப்ப? நாடு முழுக்க கைத்தறியில நெசவும் அது சார்ந்த வேலையும் செய்யறவங்க 2009-10 கணக்கெடுப்புல 43.31 லட்சம். 2019-20ல 35.22 லட்சம். பத்து வருஷத்துல எட்டு லட்சம் பேர் குறைஞ்சாச்சு. மாமா தெருவுலயும் பசங்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, நானே கம்ப்யூட்டரைத் தட்டறவன். ஆனா ஒரு தறி நிக்கும்போது அந்த வீட்டு வருமானம் மட்டும் போகல. மிச்சம் இருக்கற எல்லாப் பாவுக்கும் ரெண்டு கை குறையுது.

அந்தக் கையில ஒண்ணு என்னுது. போன வருஷம் மாமா போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை காலையில ஆள் பத்தல, வர்றியா?"ன்னு கேட்டார். ரிலீஸ் இருக்கு மாமான்னு சொல்லிட்டேன். ரிலீஸ் இருந்தது நிஜம். அது சனிக்கிழமை ராத்திரியே முடிஞ்சு, ஞாயிறு பதினோரு மணி வரைக்கும் தூங்கினதும் நிஜம். அன்னிக்கு எப்படி சமாளிச்சாங்கன்னு மாமா சொல்லல. நானும் கேக்கல.

போன மாசம் மறுபடி ஒரு பாவு. இந்தத் தடவை போனேன். மொத்தம் ஏழு பேர். நான்தான் சின்னவன், மத்த எல்லாரும் அம்பதைத் தாண்டினவங்க. ஒரு முனையை என்கிட்ட குடுத்தாங்க. பைக் ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டு வர, நான் திரும்பிப் பாக்க, கை தளர்ந்து ஒரு பக்கம் தொய்ஞ்சு இழைங்க சிக்கிக்கிச்சு. அதைப் பிரிக்க அரை மணி நேரம் ஆச்சு. யாரும் திட்டல. எதிர் வீட்டுப் பாட்டி தரையில உக்காந்து ஒவ்வொரு இழையா பிரிச்சுக்கிட்டே, "வந்தியே, அது போதும்"னாங்க. திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன்.

நட்ஸ்ஃபோர்ட்காரங்க நல்லவங்க, நம்மாளுங்க மோசம்னு இத்தனை நாள் நினைச்சது தப்பு. அவங்களுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கு: முறை வெச்சு யாராவது வந்து நின்னாத்தான் எதுவும் நடக்கும். நமக்கு அந்த முறையை வேலையே கட்டாயமா வெச்சிருந்தது. வேலை போனா முறையும் போயிடும், அப்புறம் நாமளா வந்தாத்தான் உண்டு.

அடுத்த பாவு ஞாயித்துக்கிழமை. அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். தாமல்லேர்ந்து பைக்ல அரை மணி நேரம். அலாரம் நாலுக்கு வெச்சாச்சு.