ஒன்பது கிராம்

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜலந்தரில் ஒரு டென்னிஸ் கோர்ட் வாசலில், கோச்சும் இன்னும் நாலு பெற்றோரும் நிற்கும்போது என் பதிமூன்று வயது மகளிடம் நான் உதிர்த்த பொன்மொழி இது. சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்த மொழியில் இருந்தாலும் புரிந்துவிடும் இல்லையா? அவளுக்கு நன்றாகவே புரிந்தது. வீடு வந்து சேரும்வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது இதுதான். எனக்கொன்று அவளுக்கொன்று என்று ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு ராக்கெட் வாங்கியிருந்தேன். ஒரே மாடல், ஒரே கைப்பிடி அளவு. ஒரே ஆள், ஒரே நரம்பை, ஒரே இழுவிசையில் கட்டிக் கொடுத்தார். ஒரு நாள் என்னுடையதை எடுத்து ஆடிவிட்டு, "அப்பா, உன்னோடது வேற மாதிரி இருக்கு. என்னோடதுல வாலி அடிச்சா ராக்கெட் கையிலயே திரும்புது" என்றாள். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து, சட்டத்தில் அச்சடித்திருந்த 295 கிராம் என்பதைக் காட்டி, "படி" என்றேன். அச்சடித்த எண்ணை நம்பித்தான் இருபத்து நாலு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். அதற்கப்புறம் அவள் ஒரு மேட்சில் தோற்று மறுபடியும் ராக்கெட்டைக் குறை சொன்னபோதுதான் மேற்படி பொன்மொழி.

ராத்திரி தங்கமணி கேட்டாள்: "எடை போட்டுப் பாத்தீங்களா?"

ஙே.

எங்கள் கிளைக்கு நகைக்கடன் மதிப்பீட்டுக்கு வரும் பெரியவருக்கு ஊருக்குள் சொந்தமாக நகைக்கடை உண்டு. மறுநாள் சாயங்காலம் இரண்டு ராக்கெட்டையும் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். "மேனேஜர் சாப், எத்தனை காரட்?" என்று சிரித்துவிட்டுத் தராசில் வைத்தார். என்னுடையது 319 கிராம். அவளுடையது 310.

அந்த 295 நரம்பு கட்டாத எடை. நரம்புக்குப் பதினைந்து பதினாறு, மேலே சுற்றும் துணிக்கு ஐந்து என்று போட்டால் 315 வரவேண்டும். ஒன்று நாலு கூடுதல், இன்னொன்று ஐந்து குறைவு. அப்புறம் தேடிப் படித்ததில், ராக்கெட் கம்பெனிகள் பொதுவாக ஏழு கிராம் வரை கூடவோ குறையவோ இருந்தால் சரி என்று விட்டுவிடுமாம். ஆக, ஒரே பெயரில் ஒரே விலையில் வாங்கிய இரண்டுக்கு நடுவே பதினாலு கிராம் வித்தியாசம்கூட வரலாம். நாங்கள் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடுகிற ஜாதி. இதை ஜீரணிக்க எனக்கு இரண்டு நாள் ஆச்சு.

சரி, ஒன்பது கிராம்தானே, ஏற்றிவிடலாம் என்று கிளம்பினேன். நான் இருப்பதோ ஜலந்தர். 1947ல் சியால்கோட்டிலிருந்து வந்தவர்கள் வளர்த்த விளையாட்டுச் சாமான் தொழில், பஸ்தி நௌ பக்கம் போனால் கடை கடையாகக் கிரிக்கெட் மட்டை. ஆனால் ராக்கெட்டில் ஒட்டும் ஈயப்பட்டி கேட்டால் ஒரு கடையிலும் இல்லை. கடைசியில் ஒரு சர்தார்ஜி, கார் சக்கரம் பாலன்ஸ் செய்ய ஒட்டும் ஐந்து கிராம் துண்டு இரண்டை டயர் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கி, ராக்கெட்டின் உச்சந்தலையில் ஒட்டினேன். 320 கிராம். ஒரு கிராம்தான் வித்தியாசம், கணக்கு கிட்டத்தட்ட டாலி!

மகள் நாலே பந்து அடித்தாள். "சம்மட்டி மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு மர ஸ்கேலின் விளிம்பில் ராக்கெட்டைக் கிடத்தி, எங்கே சாயாமல் நிற்கிறது என்று பார்த்தேன். கைப்பிடியின் அடியிலிருந்து அளந்தால் என்னுடையது 32.6 செ.மீ.யில் நின்றது. அவளுடையது முதலில் 32.0. நான் டயர் வைத்தியம் பார்த்த பிறகு 33.1! எடை சரி, அது உட்கார்ந்த இடம் தப்பு. வீசும்போது கையில் தெரிகிற கனத்தை, அடியிலிருந்து 10 செ.மீ. மேலே ஒரு அச்சு இருப்பதாக வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம் எடையோடு பெருகும். அதனால் ஒரே ஒரு கிராம், உச்சியில் ஒட்டினால் 3.4 மார்க் ஏற்றும், இரண்டு பக்கவாட்டில் ஒட்டினால் 1.8, கைப்பிடி அடியில் ஒட்டினால் வெறும் 0.1. ஒரே ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் போடுவதற்கும் கந்துவட்டிக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம். பீட் சாம்ப்ராஸ் அந்தச் சின்னத் தலை வில்சனில் ஈயத்தை ஒட்டி ஒட்டிக் கனமாக்கி ஆடினார் என்று காலேஜ் நாளில் கேட்டபோது, பலசாலி போலிருக்கு என்று மட்டும்தான் நினைத்தேன். எங்கே ஒட்டினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

நம்ம பி.காம். மூளைக்கு இதற்குமேல் சுலபம். 319ஐ 32.6ஆல் பெருக்கினால் 10399. 310ஐ 32ஆல் பெருக்கினால் 9920. கழித்தால் 479. அதை ஒன்பதால் வகுத்தால் 53. அதாவது ஒன்பது கிராமும் அடியிலிருந்து 53 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். அளந்து பார்த்தால் அது சரியாக ராக்கெட் முகத்தின் இரண்டு கன்னங்கள், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடம். அங்கே எடை ஏறினால்தான் பந்து ஓரத்தில் பட்டாலும் ராக்கெட் திரும்பாது. "கையிலயே திரும்புது" என்று அவள் சொன்னாளே, அந்த வியாதிக்கு மருந்தும் அங்கேதான். நான் தராசும் ஸ்கேலும் வைத்துக் கண்டுபிடித்ததை அந்தப் பெண் இரண்டு வாலியில் சொல்லியிருக்கிறாள்.

ஈயப்பட்டியை ஆன்லைனில் வரவழைத்தேன். நகைக்கடைப் பெரியவரே கத்தரித்து, பக்கத்துக்கு நாலரை கிராமாக நிறுத்துக் கொடுத்தார். (கூலி வாங்க மறுத்துவிட்டார். செய்கூலி, சேதாரம் இல்லாமல் ஒரு நகைக்கடையிலிருந்து நான் வெளியே வந்தது அது ஒரு தரம்தான்.) ஒட்டிவிட்டு இரண்டையும் ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டி, இருபது ஆட்டத்துக்கு நேரம் பார்த்தேன். அரை வினாடிகூட வித்தியாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். வீசிப் பார்த்தாள். மாற்றி வீசினாள். "ரெண்டும் உன்னோடதுதானே?" என்றாள். இல்லை என்று கண்ணைத் திறக்கச் சொன்னேன். ஈயப்பட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஒட்டாததைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஒட்டுப் போட்டதை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, அந்தப் பழமொழி என்ன? கூடம் என்னவோ ஆச்சே?"

"கோணல்" என்றேன்.

"கோச் கிட்ட அதை ஹிந்தியில சொல்லு. கூடம் நிஜமாவே கோணல்தான்னும் சேத்துச் சொல்லு."

சொன்னேன். அந்த நாலு பெற்றோரில் இரண்டு பேர் அன்றைக்கும் அங்கே இருந்தார்கள்.

பி.கு.: ஈயம் விஷம். ஒட்டியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மேலே ஒரு டேப் சுற்றுங்கள், குழந்தைகளை ஒட்டவிடாதீர்கள். டங்ஸ்டன் பட்டியும் கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஈயத்துக்குப் போனேன்.