அண்ணத்தைத் தொடும் முதல் விரல்



'தஹ்னீக்' என்ற சொல் 'ஹனக்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. ஹனக் என்றால் அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை. பேரீச்சம்பழத்தை மென்று குழைத்துப் பிறந்த குழந்தையின் அண்ணத்தில் தடவும் சுன்னத்துக்கு அந்த உறுப்பே பெயராக அமைந்துவிட்டது. அபூ தல்ஹா (ரலி) அவர்களுக்கு ஆண்மகவு பிறந்தபோது, அனஸ் (ரலி) அவர்கள் அக்குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சென்றதும், அண்ணலார் அதற்குத் தஹ்னீக் செய்து அப்துல்லாஹ் என்று பெயர் சூட்டியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. நம் ஊர்களில் சேனை தொட்டு வைக்கும் பழைய வழக்கமும் இதனோடு கலந்துவிட்டது. யார் கையால் செய்வது என்று குடும்பத்தில் நிறையப் பேசுவோம். அந்த விரல் படும் இடத்தை உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு.

என் தங்கையின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் பழவேற்காட்டு வீட்டுக்கு வந்தது. முகம், உதடு, கை, கால் எல்லாம் குறையின்றி இருந்தன. பால் குடிக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும். களைத்து உறங்கிவிடும், மீண்டும் பசித்து அழும். சில வேளை மூக்கின் வழியே பால் வழியும். புரையேறுகிறது என்றார்கள் பெண்கள். அன்று மாலை தஹ்னீக் செய்தவர், பள்ளியில் நெடுங்காலம் பாங்கு சொன்ன எங்கள் பெரியத்தா. விரலை வைத்தவர் ஒரு கணம் நிறுத்தினார். பின் துஆ ஓதி முடித்துக் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார். கூடத்தில் எதுவும் சொல்லவில்லை. என்னை மட்டும் அழைத்து, "விரல் பட்ட இடம் உள்ளே போகிறதம்மா. டார்ச் வைத்துப் பார்" என்றார். பார்த்தேன். அண்ணத்தின் பின்பாதி நடுவே பிளந்திருந்தது.

கருவில் நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரத்துக்குள் மேலுதடு உருவாகிறது. இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வரும் திசுக்கள் நடுவில் சேர வேண்டும். அண்ணம் ஆறு முதல் ஒன்பதாம் வாரத்துக்குள் அவ்வாறே சேர்கிறது. சேராமல் நின்றால் பிளவு. உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவு அமைகிறது. உதட்டுப் பிளவைப் பிறந்த நொடியே எல்லோரும் காண்பர். அண்ணத்தில் மட்டும் இருக்கும் பிளவு வாய்க்குள் மறைந்திருப்பதால் நாட்கணக்கில் தெரியாமல் போகக்கூடும். மேல்தோல் மூடியிருக்க உள்ளே தசை மட்டும் பிரிந்திருப்பதும் உண்டு. உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று.

அண்ணம் மூடாத குழந்தையால் காற்றை இழுத்து உறிஞ்ச முடியாது. தாயிடம் பால் இல்லை என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. பால் நிறைய இருந்தது. குழந்தையின் வாயில் இழுவிசைதான் இல்லை. இதை அந்தப் பெண்ணுக்குப் புரியவைத்தவர் நானல்ல, மீன்காரம்மா.

அவர் லைட்ஹவுஸ் குப்பத்தைச் சேர்ந்தவர். பாலத்தைக் கடந்து மடவையும் இறாலும் கூடையில் சுமந்து பல்லாண்டுகளாக எங்கள் வாசலுக்கு வருபவர். உள்ளே குழந்தை அழுவதைக் கேட்டு விசாரித்தார். சொன்னேன். கூடையை இறக்கிவைத்துக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பாயம்மா, எம் புள்ளைக்கு உதடும் சேர்த்தே பொளந்து இருந்துச்சு. இப்ப அவங்கப்பாவோட வலை இழுக்குறான். நிமிர்த்திப் புடிச்சு பாலாடையில குடுங்க, பாப்பா. படுக்க வெச்சு மட்டும் குடுக்காதீங்க" என்றார்.

பாலாடை நம் பாட்டிமார் வைத்திருந்த மூக்கு நீண்ட சிறு கிண்ணம்தான். இன்று தாய்ப்பால் உறிஞ்ச இயலாத குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் 'பாலாடை' என்ற தமிழ்ப் பெயராலேயே அது குறிக்கப்படுகிறது. பின்னர் மருத்துவர் சொன்னதும் மீன்காரம்மா சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, இடையிடையே ஏப்பம் விடச் செய்ய வேண்டும். வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும், எடை ஏறாத குழந்தைக்கு அறுவை தள்ளிப்போகும்.

அந்த அம்மா சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்கவில்லை. கிரகணத்தன்று அவர் மீன் அரிந்ததால்தான் பிள்ளைக்கு உதடு அறுந்தது என்று மாமியார் ஆண்டுக்கணக்கில் குத்திக்காட்டினாராம். இந்த நம்பிக்கை குப்பத்துக்கு மட்டும் உரியதன்று. கிரகண நேரத்தில் கத்தியைத் தொடாமல் கர்ப்பிணியை அறைக்குள் பூட்டிவைக்கும் முஸ்லிம் வீடுகள் எத்தனையோ நான் அறிவேன். ஹிஜ்ரி 10-இல் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசியபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மகனை அடக்கிய துயரத்திலும் அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். நபியின் மகனுக்காகப் பிடிக்காத கிரகணம் ஒரு மீனவப் பெண்ணின் அரிவாள்மனைக்காகவா பிடிக்கும்? பிளவுக்குப் பரம்பரைக் கூறுகள், கர்ப்ப காலத்தில் தாய் உட்கொள்ளும் சில வலிப்பு மருந்துகள், புகை, மது, கட்டுப்படாத நீரிழிவு ஆகியவை காரணமாகலாம். பல குழந்தைகளுக்குக் காரணமே புலப்படுவதில்லை. நெருங்கிய உறவில் மணம் முடிப்போர் கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரிடம் பேசுவது நல்லது. நம் குடும்பங்களில் அது அரிதாகவே நடக்கிறது.

அகீகாவைச் சிறிதாக முடித்து, அறுவை முடியும் வரை குழந்தையை உறவினர் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கலாம் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. பெரியத்தா இசையவில்லை. ஏழாம் நாள் எல்லோரையும் அழைத்து, பெயரிட்டு, குறையையும் அவரே சபையில் கூறினார். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் வசனத்தை ஓதிவிட்டு அமர்ந்தார். 'மூளி' என்ற சொல் அதன்பின் எங்கள் தெருவில் எழவில்லை.

இறைவன் படைத்ததை மாற்றலாமா என்று கேட்டவர்களும் இருந்தனர். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார்கள். அது துர்நாற்றம் தந்தபோது, ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், தங்க மூக்கு அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். குறையை நீக்கும் சிகிச்சைக்கு அறிஞர்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்துக்கு ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை செய்வது பொதுவான முறை. பேச்சு முதிரும் முன் அண்ணம் மூடியிருக்க வேண்டும் என்பதே அந்த அவசரத்தின் காரணம். பணம் இல்லையென்று எவரும் காத்திருக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவுக்குச் சிகிச்சை இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டால் வழி சொல்வார்கள். ஸ்மைல் டிரெயின் அமைப்பும் நாடெங்கும் பல மருத்துவமனைகள் வழியாக இந்த அறுவைக்குச் செலவு செய்கிறது.

வாய்க்குள் காணும் எல்லாமே நோயன்று. அண்ணத்தின் நடுக்கோட்டில் வெண்முத்துப் போன்ற சிறு புள்ளிகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்கும், சில வாரங்களில் தாமே மறையும். துணியால் சுரண்டிப் புண்ணாக்கக் கூடாது. பல்லோடு பிறக்கும் குழந்தையும் உண்டு. அது குடும்பத்துக்கு ஆகாது என்பது வெறும் பேச்சு. பல் ஆடினால், அது விழுந்து மூச்சுக்குழலில் சிக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாவின் அடியில் தோல் இறுகியிருந்தால் பால் குடிக்கச் சிரமம் உண்டா என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் இச்சிறு அறுவையை விவரித்திருக்கிறார். தஹ்னீக் செய்வோர் கையைக் கழுவிக்கொண்டு, பேரீச்சையின் மிகச் சிறு பூச்சோடு நிறுத்துவதே போதும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய நுண்கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். அண்ணத்தில் பிளவு தெரிந்தால் அதையும் தடவாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எங்கள் பிள்ளைக்குப் பத்தாம் மாதம் அண்ணத்தை மூடினார்கள், அல்ஹம்துலில்லாஹ். செவிக்குள் நீர் தேங்குவது இக்குழந்தைகளுக்கு அதிகம் என்பதால் காதையும் தொடர்ந்து சோதிக்கிறோம். பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது. தஜ்வீதில் மூக்கின் வழி ஒலிப்பதைக் குன்னா என்போம். அது மீமுக்கும் நூனுக்கும் உரியது. அண்ணம் முழுவதும் மூடாத பிள்ளை எந்த எழுத்தைச் சொன்னாலும் காற்று மூக்கில் ஏறிவிடும். அது சோம்பலோ அடமோ அன்று என்பது உஸ்தாதுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது நான்கு வயதில் மக்தபுக்குப் போகிறாள். சேர்க்கும்போதே உஸ்தாதிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். உதட்டைச் சேர்த்து, காற்றை அடக்கிச் சொல்லும் 'பே' அவளுக்கு நன்றாக வருகிறது. அடிநாக்கு மேலண்ணத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பிறக்கும் 'காஃப்' இன்னும் வரவில்லை. நாள்தோறும் அஸருக்குப் பின் பத்து நிமிடம் அதற்கென்று உட்காருகிறோம்.