யாக்கி-உச்சி

பணி ஓய்வுக்குப் பிறகு சில மாதங்கள் டோக்கியோவில் மகன் வீட்டில் இருந்தோம். பொழுது போகப் பேரனிடம் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டேன். சீக்கிரம் மனதில் நின்ற சொல் 'யாக்கி'. சுடுதல், எரித்தல் என்று பொருள். கடைப் பலகைகளில் தினமும் பார்க்கலாம். யாக்கித்தோரி என்றால் சுட்ட கோழி.

ஒருநாள் ஹிபியா பூங்காவுக்குப் போனோம். ரஷ்யாவுடன் நடந்த போரில் ஜெயித்தும் இழப்பீடு கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில், 1905 செப்டம்பர் 5 அன்று மக்கள் திரண்ட இடம் அது. கலவரம் மூண்டு, நகரத்தின் போலீஸ் சாவடிகளில் பெரும்பாலானவற்றைக் கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பெயர் 'ஹிபியா யாக்கி-உச்சி'. உச்சி என்றால் தாக்குதல். நம் உச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! 1571-இல் ஓடா நொபுனாகா என்ற தளபதி ஹியெய் மலையின் புத்த மடத்தைக் கொளுத்தியதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

புதிதாகக் கற்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா? பக்கத்து வீட்டில் ஒரு பாட்டியம்மா இருந்தார். 1945 மார்ச் 10 அன்று அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகள் வீசி, ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டபோது அவருக்கு ஆறு வயது. அந்த யாக்கி-உச்சியின்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். "அது கூஷூ" என்றார். வானிலிருந்து தாக்குதல். பிறகு நிதானமாகச் சொன்னதை மகன் மொழிபெயர்த்தான்: "யாக்கி-உச்சி என்றால் கையில் தீயோடு மனிதர்கள் வருவார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. தீயை மட்டும்தான் பார்த்தேன். அம்மாவின் கை அதில்தான் விட்டுப்போனது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்தார்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். நாமும் 'விமானத் தாக்குதல்' என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லில் விமானம் இருக்கிறது. தீயும் இல்லை, அதைப் போட்ட மனிதனும் இல்லை. செய்தித்தாளில் எத்தனை முறை அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்!

இப்போது அந்தச் சொல்லைக் கண்டால் உடனே பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.